ஏழரைப் பாகையில் வானொளிப்படம்: கருவியை நிறுவுவதில் நேரும் பிழைகள்

கல்முனைக்கு வடக்கே, மருதமுனையைக் கடந்ததும், அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையிற் கடலோரமாக அமைந்த ஊர் பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் (1931–1975) பிறந்த ஊர் என்பதனால் இலக்கிய உலகம் அதனை நன்கறியும். வானநூல் உலகம் அதனை அறியாது. எனினும் அறிதற்குரிய சிறப்பொன்று அவ்வூருக்கு உண்டு. அதன் அகலாங்கு ஏறத்தாழ வடக்கு 7 பாகை 27 கலை. திருவாதிரை என்று நம் முன்னோர் வழங்கிய செந்நிற விண்மீன் வான நடுவரைக்கு வடக்கே 7 பாகை 24 கலையில் உளது. ஆகவே பெரியநீலாவணையில் நிற்பவனுடைய தலைக்கு நேர் மேலாகவே நாள்தோறும் திருவாதிரை கடந்து செல்கின்றது. உச்சிப் புள்ளிக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் முழுமதியின் விட்டத்திற் பத்தில் ஒரு கூறேயாகும். பெப்புருவரி நடுப்பகுதியில், இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், தூக்குநூலொன்றைப் பிடித்து அதன் வழியே மேலே நோக்கின் இவ்வுண்மையைக் கண்ணாரக் காணலாம்.

இத்தகைய இடத்திலிருந்து காணக்கூடிய வானம் மிகப் பெரிது. வடதுருவம் அடிவானுக்கு மேல் ஏழரைப் பாகையிலும், தென்துருவம் அடிவானுக்குக் கீழ் ஏழரைப் பாகையிலும் இருத்தலால், வானத்திற் சிறுபகுதி தவிர ஏனையவெல்லாம் ஆண்டில் ஏதேனும் ஒரு காலத்திற் கண்ணுக்குப் புலனாகும். வடக்கே அந்திரொமீடாப் பேரடை 56 பாகை உயரத்திற் கடக்கும்; தெற்கே ஒமேகா செந்தோரி என்னும் உடுத்திரள் 35 பாகை உயரத்திலும், கரைனா நெபுலா ஏறத்தாழ 23 பாகை உயரத்திலும் கடக்கும். இலண்டன் நகரத்து ஆர்வலர் எத்துணைப் பெரிய கருவி வைத்திருப்பினும் பின்னைய இரண்டையும் தம் ஊரிலிருந்து காண இயலாது.

இவ்வளவு செல்வம் தலைக்கு மேலே இருந்தும், இக்கரையோரத்திற் கருவி வாங்கிப் படமெடுக்க முனைவோர் முதற் சில இரவுகளிலேயே மனந்தளர்ந்து போதற்குக் காரணம் உண்டு. ஏழரை என்ற எண்ணைக் கேட்டவுடன் சனிபகவானை நினைப்பது நம்மவர் வழக்கம். வானொளிப்பட ஆர்வலரை இந்த ஏழரை வேறொரு வகையிற் பிடிக்கின்றது. கருவிகளும், கருவிகளோடு வரும் கைந்நூல்களும், 35 பாகைக்கும் 55 பாகைக்கும் இடையில் வாழ்வோரை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. அவற்றிற் கூறியவாறே வரிக்கு வரி செய்தாலும் இங்கே படம் பிழைக்கும். பிழைத்ததும், புதியவன் தன் அறிவின்மேற் பழி சுமத்திக்கொள்கின்றான். குற்றம் அகலாங்கினது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இல்லை. மழை மாதங்களும், முகிலும், நிலவும் கழிய எஞ்சும் இரவுகள் சிலவே. அவற்றுள் ஒன்று வீணானால் அடுத்த அமாவாசை வரை காத்திருத்தல் வேண்டும்.

ஆழ்வானத்துப் பொருள்களை ஒளிப்படத்திற் பதித்தல் ஏன் கடினமென்பதை முதலில் நோக்குதல் தகும். நெபுலாக்களும் பேரடைகளும் மிக மங்கலானவை. அவற்றின் ஒளியைப் பல நிமிடங்கள் சேர்த்தாலன்றி உருவம் தோன்றாது. அதுவரை பூமி சுழன்றுகொண்டே இருக்கின்றது. விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை வீதம் மேற்கே நகர்கின்றன. அந்நகர்ச்சியைக் கருவி பின்தொடர்தல் வேண்டும். அமெரிக்கராகிய கென்றி திரேப்பர் 1880 செப்ரெம்பர் 30ஆந் திகதி இரவில் ஒறையன் நெபுலாவை முதன்முதலாகப் படமாக்கினார். அதற்கு அவர் ஒளி சேர்த்த நேரம் 51 நிமிடம். ஆங்கிலேயராகிய கொமன் என்பார் 1883இல் 36 அங்குல ஆடியைக் கொண்டு 37 நிமிடத்தில் அதனினும் தெளிவான படமெடுத்தார். அவர் வாழ்க்கைத் தொழிலாற் பொறியியலாளர். வானநூல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடே. 1882இல் நன்னம்பிக்கை முனையில் தேவிட்டு கில் என்னும் வானநூலறிஞர், உள்ளூர் நிழற்படக்காரர் ஒருவருடைய கமராவைத் தம் தொலைகாட்டியின் மேற் பொருத்தி அவ்வாண்டிற் றோன்றிய பெரிய வால்வெள்ளியைப் படமெடுத்தார். படத்தில் வால்வெள்ளியோடு எண்ணிறந்த விண்மீன்களும் பதிந்திருந்தன. தென்வானத்தின் 454,875 விண்மீன்களைப் பட்டியலாக்கிய பெருமுயற்சி அதிலிருந்தே முளைத்தது. இன்று பெரியநீலாவணைக் கடற்கரையில் ஒருவர் சிறு கமராவைப் பின்தொடரும் தாங்கியிற் பொருத்தும்போது செய்வதும் கில் செய்ததே.

இனித் தாங்கியின் இயல்பைக் காண்போம். பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக ஓர் அச்சை நிறுத்தி, அதனை நாளொன்றுக்கு ஒரு சுற்று வீதம் திருப்பினால் விண்மீன் கருவியின் பார்வையில் நிலைத்து நிற்கும். இதுவே துருவ அச்சுத் தாங்கியின் தத்துவம். ஆர்வலரிடையே பெருவழக்காயுள்ளது செருமானிய முறைத் தாங்கி. அதனைப் பிறவுன்கோபர் என்னும் கண்ணாடி வினைஞர் தோர்பாத்து வானாய்வு நிலையத்துக்காக 1824இல் அமைத்தார். இன்று எசுத்தோனியாவில் தார்த்து எனப்படும் அந்நகரின் அகலாங்கு 58 பாகை. அங்கே துருவ அச்சு செங்குத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும். தொலைகாட்டியின் பாரம் தூணின் மேலேயே இறங்கும். ஏழரைப் பாகையிலோ அச்சு ஏறக்குறைய நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துவிடுகின்றது. பாரம் முழுவதும் வடக்கே, சுவரிலடித்த தட்டுப்போல வெளியே நீட்டி நிற்கின்றது. ஒரே கருவிதான், ஆயினும் நிலையின் வேறுபாட்டால் அது வேறொரு கருவியாகிவிடுகின்றது.

இக்குறையைப் பெரிய நிலையங்கள் வேறு வழியாற் றீர்த்துள்ளன. தமிழ்நாட்டிற் சவ்வாது மலையிலுள்ள காவலூர், 12 பாகை 34 கலை அகலாங்கில் அமைந்தது. வைணு பாப்பு தேர்ந்தெடுத்த அவ்விடத்தில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் 2.3 மீற்றர்த் தொலைகாட்டி, குதிரைலாட வடிவான நுகத்தின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. அதன் துருவ அச்சு இரு முனையிலும் தாங்கப்படுகின்றது. வண்டியின் அச்சைப்போல என்று கொள்க. மத்திய கோட்டை அடுத்த நாடுகளுக்கு அதுவே இயல்பான அமைப்பு. கடையில் விற்கும் சிறு தாங்கிகளில் அவ்வமைப்பு அரிது. ஆகவே செருமானிய முறையோடு இணங்கிப் போதலே வழி.

முதலில் நேரும் இடர், தாங்கியின் உயரத் திருகு ஏழரைப் பாகை வரை இறங்க மறுப்பது. பல தாங்கிகள் 10 அல்லது 15 பாகையோடு நின்றுவிடும். சில 20 பாகையிலேயே நின்றுவிடும். வலிந்து முறுக்கித் திருகை வளைத்தவர் உளர். வலிய வேண்டியதில்லை. முக்காலியைச் சமதளமாக நிறுத்தல் வேண்டும் என்று கைந்நூல் வற்புறுத்துவது, அளவுகோலை நம்பி அமைப்பதற்கு வசதியாக இருத்தல் கருதியே. அச்சு துருவத்தை நோக்குமாயின், அடித்தளம் சாய்ந்திருப்பதாற் பின்தொடர்தலில் யாதொரு குறையும் நேராது. எனவே முக்காலியின் தென்புறக் காலை உயர்த்தி, முழுத் தாங்கியையும் வடக்கே சாய்த்தால் வேண்டிய பாகை கிடைக்கும். சாய்வு மிகுந்தால் முக்காலி கவிழக்கூடும். ஆதலின் அதன் நடுவிலிருந்து மணல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிடல் நன்று.

இரண்டாம் இடர் எதிர்நிறைத் தண்டினால் வருவது. ஒரு காலை வடக்கு நோக்கி வைக்க என்பது கைந்நூலின் விதி. உயர்ந்த அகலாங்குகளில் அது பொருந்தும். இங்கே எதிர்நிறைத் தண்டு நேர்கீழாகத் தொங்கும்போது அந்த வடகாலிலேயே மோதும். நள்ளிரவில், ஆளில்லாத வேளையில், மோட்டார் தண்டைக் காலின்மேல் அழுத்திப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆகவே விதியைத் தலைகீழாக்கி, இரு கால்களை வடபுறத்திலும் ஒன்றைத் தென்புறத்திலும் வைத்தால், தண்டு இரு கால்களுக்கும் இடையே தடையின்றிச் செல்லும். முன்தள்ளி நிற்கும் பாரத்தையும் அவ்விரு கால்களும் பகிர்ந்து தாங்கும். தாங்கிக்கும் முக்காலிக்கும் இடையே ஒரு குறுந்தூணைச் செருகுவது இன்னும் நல்ல தீர்வு.

மூன்றாம் இடர் மணல். கடற்கரையே இவ்வூரில் வடதிசை திறந்த இடம். ஆனால் மணலில் ஊன்றிய கால் அரை மணி நேரத்திற் சிறிது புதையும். அச்சிறிது, அச்சைத் துருவத்தினின்றும் பல கலைகள் விலக்கப் போதுமானது. ஒவ்வொரு காலின் கீழும் அகன்ற பலகைத் துண்டோ சீமெந்துக் கல்லோ இட்டு, பாரம் முழுவதையும் ஏற்றியபின் சிறிது நேரம் அமரவிட்டே அச்சைத் திருத்துதல் வேண்டும். திருத்தியபின் பாரமேற்றுவது பலர் செய்யும் தவறு.

அடுத்து வடதிசை காண்டல். காந்தவூசியைக் கண்மூடி நம்புவோர் பலர். இத்தீவில் ஊசி உண்மை வடக்கினின்றும் ஓரிரு பாகை மேற்கே விலகி நிற்கின்றது. அதனைத் தாங்கியின் இரும்புக்கருகே பிடித்தால் அது காட்டுவது இரும்பின் திசையேயன்றி வடக்கன்று. கைத்தொலைபேசியிலுள்ள திசைகாட்டிக்கும் இதுவே கதி. பகலில் ஒரு கோலை நாட்டி, முற்பகலிலும் பிற்பகலிலும் அதன் நிழல் ஒரே நீளமாகும் இரு வேளைகளைக் குறித்து, அவ்விரு நிழல்களின் நடுவே கோடு கிழித்தால் உண்மை வடக்குப் பிழையின்றிக் கிடைக்கும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலும், அரண்மனைக்கு நாள் குறித்து நூலிடும் வினைஞர் நண்பகலிற் கோல் நாட்டித் திசை காணும் செய்தி வருகின்றது. இவ்வூரில் ஏப்பிரில் இரண்டாம் வாரத்திலும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் ஞாயிறு நேர் உச்சியிற் கடப்பதால் நண்பகல் நிழல் கோலின் அடியில் மறைந்துவிடும். அந்நாள்களில் நண்பகலுக்குச் சில மணி முன்னும் பின்னும் விழும் நிழல்களையே அளத்தல் வேண்டும்.

இரவில் துருவமீனைக் கண்டுபிடித்து அதன்மேல் அச்சைக் குறிவைப்பதே எளிய முறையென்று தோன்றும். ஆனால் ஏழரைப் பாகை உயரம் என்பது மிகத் தாழ்வு. 100 மீற்றர் தொலைவில் நிற்கும் 15 மீற்றர்த் தென்னையொன்று துருவப் புள்ளியை மறைத்துவிடும். மரமில்லா இடத்திலும் கடலாவியும், வடக்கேயுள்ள ஊர்களின் விளக்கொளியும் சேர்ந்து அதன் ஒளியை மங்கச் செய்யும். அன்றியும், துருவமீன் துருவத்தில் இல்லை. இன்று அது துருவத்தினின்றும் ஏறத்தாழ 38 கலை விலகி நின்று நாளுக்கொரு முறை அதனைச் சுற்றிவருகின்றது. துருவமீனை நடுவில் வைத்துத் திருப்தியடைபவன் 38 கலைப் பிழையோடு தொடங்குகின்றான்.

அப்பிழையின் விளைவைக் கணக்கிட்டுக் காண்டல் பயன்தரும். அச்சு 38 கலை விலகியிருப்பின், விண்மீன் வடக்கிலோ தெற்கிலோ நிமிடத்துக்கு மிகுதியாக 10 விகலை வரை நழுவும். கமராவின் ஒளியுணர் தட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கும் என்பதை அறிய, புள்ளியின் அளவை மைக்குரோமீற்றரிற் குறித்து 206ஆற் பெருக்கி, மில்லிமீற்றரிற் குறித்த குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 4 மைக்குரோமீற்றர்ப் புள்ளியும் 400 மில்லிமீற்றர்த் தொலைகாட்டியுமாயின் புள்ளிக்கு 2 விகலை. ஒரு நிமிடத்தில் விண்மீன் ஐந்து புள்ளிகள் நீளமான கோடாகிவிடும். அதே கமராவில் 135 மில்லிமீற்றர் வில்லையாயின் புள்ளிக்கு 6 விகலை. அதே பிழை இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். புதியவன் நீண்ட தொலைகாட்டியை விட்டுக் குறுகிய வில்லையோடு தொடங்கவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த காரணம் வேண்டா. ஆனால் கடைக்குச் செல்பவனுடைய கண் பெரிய குழாயின்மேலேயே விழுகின்றது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. அடிவானை நெருங்கிய பொருள்களைக் காற்றின் ஒளிமுறிவு உயர்த்திக் காட்டும். ஏழரைப் பாகையில் அவ்வுயர்வு ஏறத்தாழ 7 கலை. கண்ணுக்குத் தோன்றும் துருவம் உண்மைத் துருவத்தினும் அவ்வளவு மேலே இருக்கின்றது. 7 கலைப் பிழையால் வரும் நழுவல் நிமிடத்துக்கு 2 விகலைக்கும் குறைவாதலாற் குறுகிய வில்லையினர் இதனைப் பொருட்படுத்தாது விடலாம். 50 பாகை அகலாங்கில் இஃது ஒரு கலைக்கும் குறைவாதலின் ஆங்கு எழுந்த நூல்கள் இதனைப் பேசுவதில்லை.

துருவமீனே தோன்றாதவிடத்துக் கைகொடுப்பது நழுவல்முறை. உச்சியை அடுத்து, வான நடுவரைக்கருகிலுள்ள விண்மீனொன்றைக் கமராவின் திரையிற் பெரிதாக்கி, ஐந்து நிமிடம் பின்தொடரவிட்டு நோக்குக. அது தெற்கே நழுவினால் அச்சின் வடமுனை கிழக்கே விலகியுள்ளது. வடக்கே நழுவினால் மேற்கே விலகியுள்ளது. பின்னர்க் கிழக்கு வானில் 25 அல்லது 30 பாகை உயரத்திலுள்ள விண்மீனை நோக்குக. அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்துள்ளது. வடக்கே நழுவினால் உயர்ந்துள்ளது. இவ்விரண்டாம் நோக்குக்குப் பெரியநீலாவணையைப்போற் பொருந்திய இடம் வேறில்லை; கிழக்கே தடையற்ற கடல். வானத்தின் எப்பகுதியிலேனும் மூன்று படங்களெடுத்து அச்சின் பிழையைக் கணித்துத் தரும் கணினிச் செய்நிரல்களும் இன்று உள்ளன. அவை நேரத்தை மிச்சப்படுத்தும். எனினும் நழுவல்முறையை ஒருமுறையேனும் கையாற் செய்தவனுக்கே அச்சு எப்பக்கம் பிழைத்தது என்பது மனத்திற் பதியும்.

விலையுயர்ந்த தாங்கி வாங்க இயலாத மாணவர்க்கு 1975இல் யோச்சு கெயிக்கு என்பார் வெளியிட்ட எளிய அமைப்பொன்று உண்டு. இரண்டு பலகைகள், அவற்றை ஒருபுறம் இணைக்கும் கீல், மறுபுறம் மேற்பலகையை மெல்ல உயர்த்தும் திருகாணி. கீலின் அச்சு துருவத்தை நோக்கி நிற்க, திருகாணியை நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் கையாலேயே திருப்பலாம். புரியிடை 1 மில்லிமீற்றரான 6 மில்லிமீற்றர்த் திருகாணியாயின், கீலுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் 228.6 மில்லிமீற்றராதல் வேண்டும். இவ்வெண் எவ்வாறு வந்தது? விண்மீன் நாள் 1436 நிமிடம். அத்தனை சுற்றுக்கு 1436 மில்லிமீற்றர். அதனை வட்டத்தின் சுற்றளவாகக் கொண்டு ஆரையைக் கண்டால் 228.6. ஐந்து மில்லிமீற்றர் பிழைத்து ஆணியை அடித்தால் நிமிடத்துக்கு 20 விகலை பின்தங்கவோ முந்தவோ நேரும்; 50 மில்லிமீற்றர் வில்லைக்கு அது ஒரு புள்ளியைச் சற்றே மிஞ்சும். உயர்ந்த அகலாங்குகளில் இக்கருவியைச் சாய்த்து நிறுத்தப் பெரிய ஆப்பு வேண்டும். இங்கோ நூறு மில்லிமீற்றருக்குப் 13 மில்லிமீற்றர் உயரும் சிறு ஆப்பே போதும். ஏழரைப் பாகை நமக்கு உதவுகின்ற இடம் இஃதொன்று. இதிற் பெரும்பாலும் நேரும் பிழை மாறிப் பொருத்துதல்: வடக்கு நோக்கி நிற்பவனுக்குக் கீல் இடப்புறமாக, அதாவது மேற்கே, இருத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் பின்தொடர்வதற்குப் பதிலாக விண்மீன்கள் இருமடங்கு நீளமான கோடுகளாகும். கீலில் ஆட்டம் இருப்பினும் படம் கெடும். கதவுக் கீலை வாங்கும்போது அசைத்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

கணினிக் கைப்பொறியுள்ள தாங்கிகளில் வேறு வகையான பிழைகள் புகும். இலங்கையின் நேரம் கிறினிச்சினும் ஐந்தரை மணி முந்தியது. 1996 மே மாதத்தில் அது ஆறரை மணியாகவும், அவ்வாண்டு ஒற்றோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்பிரிலில் மீண்டும் ஐந்தரையாக்கப்பட்டது. அவ்விடைக்காலத்துப் பழைய பொறிகளிலும் செய்நிரல்களிலும் ஆறு மணி என்ற பதிவு இருக்கக்கூடும். அரை மணிப் பிழை தொலைகாட்டியை வானத்தில் ஏழரைப் பாகை தவறான இடத்துக்குத் திருப்பும். மீண்டும் அதே ஏழரை! அமெரிக்க முறையில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கேட்கும் பொறிக்கு, ஏப்பிரில் 3ஐ நாம் எழுதும் முறையிற் கொடுத்தால் அது மார்ச்சு 4 என்று கொள்ளும். பிழை இரண்டு மணி, அதாவது 30 பாகை. அந்நாளைக் கொண்டு துருவமீனின் இடத்தைக் குறித்தால் அச்சும் ஏறத்தாழ 20 கலை விலகும்.

குவியத்தைப் பற்றிச் சில சொற்கள். வில்லையின்மேற் பொறித்த முடிவிலிக் குறியில் நிறுத்தினால் விண்மீன் கூர்மையாகும் என்பது பொய். ஒளிமிக்க விண்மீனைத் திரையிற் பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புதல் வேண்டும். உருசிய ஆர்வலராகிய பாவெல் பாதினோவ் 2005இல் அமைத்த வரிவெட்டுத் தட்டை வில்லையின் முன் வைத்தால், விண்மீன் மூன்று கதிர்களாகத் தோன்றும். நடுக்கதிர் ஏனைய இரண்டுக்கும் சரிநடுவே வரும்போது குவியம் சரி. தடித்த அட்டையிலும் அதனை வெட்டிக்கொள்ளலாம். குவித்தபின் தானியங்கிக் குவியத்தை நிறுத்த மறப்பதும், வில்லையின் அதிர்வுத்தடுப்பை முக்காலியின்மேலும் இயங்கவிடுவதும் சிறு மறதிகள். இரவு முழுவதையும் கெடுக்க அவை போதும்.

வளைவுதிருத்தி வில்லையைத் தொலைகாட்டியோடு பயன்படுத்துவோர், அதற்கும் ஒளியுணர் தட்டுக்கும் உள்ள தூரத்தை மில்லிமீற்றர் பிழையாது காத்தல் வேண்டும். பெரும்பாலான திருத்திகளுக்கு அது 55 மில்லிமீற்றர். இடையில் 2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள வடிகட்டிக் கண்ணாடி புகுந்தால், அதன் தடிப்பில் மூன்றிலொரு பங்கைத் தூரத்தோடு கூட்ட வேண்டும். ஒரு மில்லிமீற்றரில் என்ன போகின்றது என்று எண்ணுவோர் அபிள் விண்தொலைகாட்டியின் வரலாற்றை அறிதல் நன்று. 1990இல் விண்ணுக்கேறிய அதன் 2.4 மீற்றர் ஆடி மிகச் செம்மையாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் தேய்ப்பைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் பிசகி அமைந்திருந்தது. அதன் பயனாக ஆடியின் விளிம்பு 2 மைக்குரோமீற்றரளவு மட்டமாகித் தெளிவற்ற படங்களே கிடைத்தன. 1993 திசெம்பரில் விண்வெளியர் சென்று திருத்தும் வரை அது தன் முழு ஆற்றலைக் காட்டவில்லை. தேய்த்தவர் திறமையிற் குறையில்லை. அளவுகோலை நிறுத்தியதிற் குறை.

கடற்காற்றின் ஈரமும் உப்பும் இங்கே தனிப்பகை. நள்ளிரவுக்குப்பின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி, விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றினால், குவியம் பிசகியதென்று எண்ணித் திருப்பத் தொடங்காது, முதலில் வில்லையிற் பனி படிந்துள்ளதா என்று மின்சூளை பக்கவாட்டிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். வில்லையின் முன் நீண்ட அட்டைக் குழாயும், அதனைச் சுற்றி இளஞ்சூடு தரும் பட்டியும் இதனைத் தடுக்கும். துணியால் துடைப்பது ஆகாது. உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.

இவையெல்லாம் செய்தும் படம் பிழைத்தால், பிழையைப் படமே சொல்லும். அதனைக் கேட்கத் தெரிதல் வேண்டும். முதலில் ஒரு நொடிப் படமும் ஒரு நிமிடப் படமும் எடுத்து ஒப்பிடுக. ஒரு நொடிப் படத்திலேயே விண்மீன்கள் உருண்டையாக இல்லையெனிற் குற்றம் வில்லையிலோ குவியத்திலோ உள்ளது, தாங்கியைத் தொடவேண்டா. நான்கு மூலைகளிலும் ஒத்த அளவில் நீண்டிருந்தால் திருத்தியின் தூரம் பிழை. ஒரு மூலையில் மட்டும் நீண்டிருந்தால் கமரா சாய்ந்து பொருந்தியுள்ளது. ஒரு நொடியில் உருண்டையாயிருந்து ஒரு நிமிடத்தில் யாங்கணும் ஒரே திசையில் நீண்டிருந்தாற் குற்றம் தாங்கியினது. நீட்சி வடக்குத் தெற்காயின் துருவ அச்சு பிசகியது. கிழக்கு மேற்காயின் சுழற்சி வேகமோ, பற்சக்கரமோ, நிறைச் சமநிலையோ காரணம். கிழக்குப் பக்கம் சிறிது பாரமாக விட்டால் சக்கரப் பற்கள் ஒன்றையொன்று விடாது பற்றி நிற்கும். விண்மீன்கள் ஒரு மையத்தைச் சுற்றி வில்களாக வளைந்திருந்தால், வழிகாட்டிக் கமரா ஒன்றை நிறுத்தி வைத்திருக்க ஏனையவை சுழன்றுள்ளன. அதற்கும் மூலம் அச்சின் பிழையே. ஒரு விண்மீன் இரண்டாகத் தோன்றினால் காற்று மோதியிருக்கலாம், மின்கம்பி எங்கேனும் மாட்டி இழுத்திருக்கலாம். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் இப்பின்னையது மிகுதி. ஒருவேளைக்கு ஒன்றையே மாற்றிச் சோதித்தல் வேண்டும். அச்சையும் குவியத்தையும் நிறையையும் ஒருங்கே மாற்றினவன் எது பிழைத்தது என்பதை ஒருபோதும் அறியான்.

படங்களைக் கமராவிற் சுருக்காத மூலக்கோப்பாகவே சேமித்தல் வேண்டும். வில்லையை மூடி அதே நேரத்துக்கு எடுத்த இருட்படங்கள் கருவியின் சொந்த இரைச்சலைக் கழிக்க உதவும். வெண்துணியை விரித்து எடுத்த சமவொளிப் படங்கள் தூசியின் நிழலைக் கழிக்கும். கமராவைக் கழற்றித் திருப்பியபின் எடுத்த சமவொளிப்படம் பயன்படாது, தூசி நிழல் வேறிடத்தில் விழுதலால்.

மே மாத நடுவில், இரவு பத்து மணியளவில், ஒமேகா செந்தோரி தென்வானில் 35 பாகை உயரத்தில் நிற்கும். தொலமி அதனை ஒரு விண்மீனென்றே பட்டியலிற் சேர்த்தார். 1677இல் எலன தீவிலிருந்து நோக்கிய அலி அது தனி விண்மீனன்று என்று கண்டார். 135 மில்லிமீற்றர் வில்லையோடு ஒரு நிமிடப் படங்கள் அறுபது எடுத்து ஒன்றாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ எட்டிலொன்றாகக் குறையும். அத்திரளின் விளிம்பு விண்மீன்கள் தனித்தனியே பிரிந்து தெரியும். மகெல்லன் பெருமுகிலை நாடுவோர் அதற்கு மழைக்குப் பிந்திய பெப்புருவரியின் முன்னிரவைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். அது இவ்வூரிலிருந்து 13 பாகைக்கு மேல் எழுவதில்லை. தெற்கே கல்முனை நகரின் விளக்கொளி அவ்வுயரத்தில் வானை வெளுக்கச் செய்வதால், கருவியை அந்த ஒளி மறைக்கப்படும் மணல்மேட்டின் பின்னாலோ கட்டடத்தின் நிழலிலோ நிறுத்துதல் வேண்டும். பின்னர் வடபுறக் கால்கள் இரண்டின் கீழும் பலகையை இட்டு மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.